தலைக்கவசம் கடையில், மார்புக்கவசம் வீட்டில்

திரையிலோ வீடியோ விளையாட்டிலோ பார்த்த ஒரு வீரனின் கவசத்தைத் தானும் அணிந்து நிற்க வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை வந்துவிட்டால், அடுத்து எழும் கேள்வி இதுதான்: வீட்டிலேயே செய்வதா, காசு கொடுத்து வாங்குவதா? 2024 பிப்ரவரியில் காமிக் கான் என்ற ரசிகர் விழா முதன்முறையாகச் சென்னை நந்தம்பாக்கத்து வர்த்தக மையத்துக்கு வந்த பிறகு இது நம் ஊர் இளைஞர்களின் கேள்வியாகவும் ஆகியிருக்கிறது. பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் விலையை வைத்தே சொல்கிறார்கள். செய்தால் மலிவு என்கிறது ஒரு கட்சி. செலவாகும் நேரத்தையும் வீணாகும் பொருளையும் சேர்த்துப் பார்த்தால் வாங்குவதே மலிவு என்கிறது மறுகட்சி. இரண்டும் ஹெல்மெட்டையும் உடற்கவசத்தையும் ஒரே பொருளாக எண்ணி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைத் தேடுகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. தலையில் கவிழ்ப்பதும் உடம்பில் கட்டுவதும் உருவாகும் முறையில் வேறு, அணிபவரிடம் எதிர்பார்ப்பதிலும் வேறு. சேலையைக் கடையில் எடுக்கிறோம். ரவிக்கையை அளவு கொடுத்துத் தைத்துக்கொள்கிறோம். வேடக் கவசத்துக்கும் அதே நியாயம் பொருந்தும் என்பது என் கட்சி: ஹெல்மெட்டை வாங்கலாம், உடற்கவசத்தைச் செய்துகொள்ள வேண்டும்.

ரசிகர் கூட்டங்களுக்கு வேடமிட்டு வரும் வழக்கம் கைவேலையில்தான் பிறந்தது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மன் எதிர்கால மனிதனின் உடையில் வந்தார். அதைத் தைத்தவர் அவருடன் வந்த மிர்டில் டக்ளஸ். ரசிகர் வட்டத்தில் மொரோஜோ என்று அறியப்பட்ட பெண். தன் உடையையும் அவரே தைத்திருந்தார். வாங்குவதற்குக் கடை ஏதும் இல்லாத காலம் அது. ஆகவே கேள்வியும் இல்லை. 1977-இல் ஸ்டார் வார்ஸ் வெளியானதும் நிலைமை மாறியது. படம் ஓடிய சூட்டிலேயே டான் போஸ்ட் ஸ்டுடியோஸ் என்ற அமெரிக்க முகமூடி நிறுவனம் உரிமம் பெற்று டார்த் வேடர், ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைகளை விற்கத் தொடங்கியது. கடைக்கு முதலில் வந்தது தலைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஓர் அச்சு இருந்தால் போதும், ஆயிரம் பேருக்கு ஒரே அளவில் தலை வார்த்துவிடலாம் என்பது வியாபாரிக்கு அப்போதே தெரிந்திருந்தது.

ஸ்டார்ம்ட்ரூப்பரின் வெள்ளை ஹெல்மெட் பிறந்த கதையும் இந்த விவாதத்துக்கு வேண்டியது. படத்துக்காக ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியங்களைப் பார்த்து நிக் பெம்பர்டன் ஒரு களிமண் மாதிரி செய்தார். அதை பிளாஸ்டிக்கில் எடுத்துக் கொடுத்தவர், லண்டனை அடுத்த டுவிக்கன்ஹாமில் தொழில் செய்துவந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். அவர் கையாண்ட வாக்குவம் ஃபார்மிங் முறை சொல்வதற்கு எளிது. பிளாஸ்டிக் தகட்டை அது தொய்ந்து தொங்கும்வரை சூடாக்க வேண்டும். அச்சின் மேல் அதைப் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்ச வேண்டும். தகடு அச்சோடு அப்படியே ஒட்டிப் படிந்து, ஆறியதும் ஓடாக நிற்கும். இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் ஒப்புதல் கிடைத்த பின் ஐன்ஸ்வொர்த் படத்துக்காக 50 ஹெல்மெட்டுகள் செய்து கொடுத்தார். 2004-இல் அவரே தன் பழைய அச்சுகளை வைத்து ஹெல்மெட்டுகள் வார்த்துப் பொதுமக்களுக்கு விற்றபோது லூகாஸின் நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் வழக்குத் தொடர்ந்தது. அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, அவர் ஆஜராகாத நிலையில், 2 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. பிரிட்டனிலோ வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2011 ஜூலையில் அந்த ஹெல்மெட் சிற்பம் என்ற வகைக்குள் வராது என்று தீர்ப்பானது. கலைப்படைப்பு என்பது திரைப்படம்தான்; ஹெல்மெட் அந்தப் படத்தை எடுப்பதற்கு உதவிய ஒரு சாமான் என்பது நீதிபதிகளின் பார்வை. அமெரிக்கக் காப்புரிமை மீறலை மட்டும் பிரிட்டிஷ் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள்.

இதில் நமக்கு வேண்டிய செய்தி சட்டம் மட்டுமல்ல. உலகமே வியந்த அந்தத் தலை, ஒரு சிறு பட்டறையில் ஒரு தொழிலாளி வார்த்த பிளாஸ்டிக் ஓடு. படப்பிடிப்புக்குச் செய்த பெரும்பாலான ஹெல்மெட்டுகள் வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, பிறகு வெள்ளைச் சாயம் பூசப்பட்டவை. இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுதாக ஒத்துப்போகாது. அப்படியிருக்க ‘அசலைப் போலவே இருக்க வேண்டும்’ என்ற கவலையில் கடைப்பொருளே கதி என்று போவதற்கு முகாந்திரம் இல்லை. ஆனால் அதே கதை இன்னொன்றையும் காட்டுகிறது. இந்த வடிவத்தைப் பெற்றுத் தந்தது உறிஞ்சும் இயந்திரமும் நல்ல அச்சும். இரண்டுமே சாதாரண வீடுகளில் இல்லாதவை.

ஹெல்மெட்டை வீட்டில் செய்வது ஏன் கடினம் என்பதற்கு வடிவத்திலேயே காரணம் இருக்கிறது. தலை உருண்டை. ஒரு காகிதத்தை உருளையாகச் சுருட்டலாம், கூம்பாக மடிக்கலாம். பந்தின் மேல் சுருக்கம் விழாமல் அதைப் போர்த்த முடியாது. தட்டையான எந்தத் தகட்டிலிருந்தும் இருதிசை வளைவை எடுப்பது அவ்வளவு பாடு. இதைச் சுற்றிப் போக ரசிகர்கள் கண்ட வழிகளில் புகழ்பெற்றது பெப்பகுரா. ஜப்பானிய மென்பொருள் ஒன்று கணினியில் உள்ள முப்பரிமாண உருவத்தை நூற்றுக்கணக்கான சிறு முகங்களாக விரித்துக் காகிதத்தில் அச்சிடத் தருகிறது. அவற்றை வெட்டி, மடித்து, ஒட்டினால் காகிதத் தலை கிடைக்கும். அதன் வெளியே பாலியெஸ்டர் ரெசின் பூசி, உள்ளே ஃபைபர் துணி ஒட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். பிறகு கார் டிங்கரிங் பட்டறைகளில் செய்வதுபோலப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி பட்டி வைத்து, மறுபடி உப்புத்தாள் போட வேண்டும். ஈர ரெசின் பட்டதும் காகிதம் கொஞ்சம் திருகினாலும் போயிற்று. மார்பிலோ காலிலோ அரை அங்குலம் கோணினால் யார் கண்ணுக்கும் தெரியாது. முகத்தில் ஒரு கண்துளை சற்று இறங்கியிருந்தால் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். மனிதக் கண் முகத்தைத்தான் முதலில் தேடுகிறது.

உடல்நல அபாயமும் ஹெல்மெட்டின் பக்கம்தான் கனக்கிறது. பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி, பாலியூரித்தேன் வார்ப்பு ரெசின்களில் உள்ள ஐசோசயனேட், ஃபைபரைத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் மூன்றும் நுரையீரலுக்கு ஆகாதவை. கொரோனா காலத்தில் போட்ட துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் வேண்டும், காற்றோட்டமான மொட்டைமாடியோ கொல்லைப்புறமோ வேண்டும். அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில், பக்கத்தில் குழந்தை தூங்கும் இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

வீட்டுக்கு வீடு வரும் 3டி பிரிண்டர் இந்த வாதத்தைப் பொய்யாக்கிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரெசினும் ஃபைபரும் இல்லாமலே இன்று இருபக்கமும் ஒத்த ஒரு தலையை அச்சிட முடிகிறது. ஆனால் சாதாரண வீட்டு பிரிண்டரின் தட்டு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் சதுரம். பெரியவர் ஒருவரின் தலையைச் சுற்றி நிற்கும் ஹெல்மெட் அதைவிடப் பெரிது. துண்டு துண்டாகப் பிரித்து, பல பத்து மணி நேரம் அச்சிட்டு, ஒட்ட வேண்டும். அதன் பின்னும் மேற்பரப்பு முழுக்க மெல்லிய வரிகள் படிந்திருக்கும். பிரிண்டர் நின்ற இடத்தில் உப்புத்தாள் தொடங்கும். பெரும்பாலோர் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். நம் ஊர் மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைத் தொடும். ஒரு மாத உழைப்பு ஒரு மதிய நேரத்தில் வளைந்துபோகும். பிரிண்டர் ஏற்கெனவே இருந்து, அந்த வேலையில் விருப்பமும் உள்ளவர் தாராளமாகச் செய்யலாம். ஒரு ஹெல்மெட்டுக்காக மட்டும் பிரிண்டர் வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது.

கடை ஹெல்மெட் பொருந்துமா என்றால், பொருந்தும். தலையளவில் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இல்லை. பெரியவர்களில் பெரும்பாலோரின் தலைச்சுற்று 54-இலிருந்து 62 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. உள்ளே நான்கு ஃபோம் பட்டைகள் ஒட்டினால் பெரிய ஹெல்மெட் சிறிய தலையிலும் ஆடாமல் உட்காரும். அந்தப் பட்டைகளை மட்டும் அசட்டை செய்யக் கூடாது. 1977 படத்திலேயே ஒரு ஸ்டார்ம்ட்ரூப்பர் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு நுழைவதைக் காணலாம். அந்த ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்ப்பது அவ்வளவு சிரமம். இடத்தைவிட்டுச் சறுக்கும் ஹெல்மெட் கண்ணை மறைக்கும். நம் வெயிலுக்கு ஐந்து வோல்ட்டில் ஓடும் சிறு விசிறி ஒன்றை உள்ளே பொருத்தி, பவர் பேங்க்கில் இணைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: வேட ஹெல்மெட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஐஎஸ் 4151 தரச் சான்று பெற்ற இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஈடாகாது. அதை மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

உடற்கவசத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். உயரம், தோள் அகலம், மார்புச் சுற்று, வயிறு, தொடை என ஒவ்வொன்றிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதோடு உடம்பு அசைகிறது. உட்காருகிறது, குனிகிறது, மூச்சு வாங்குகிறது. மூன்றே அளவில் வார்த்த தொழிற்சாலைக் கவசம் இதற்கெல்லாம் இடம் கொடுக்காது. ஒல்லியானவர் மேல் அது பீப்பாய்போல நிற்கும். பருத்தவருக்கு விலாவில் மூடாது. உண்மைக் கவசங்களின் காலத்திலும் இப்படித்தான். சாதாரணப் படைவீரர்களுக்கு மொத்தமாக வாங்கிய கவசம் போதுமென்றிருந்தது. அரசர்களும் பிரபுக்களும் தங்கள் அளவுக்கு அடித்து வாங்கினார்கள். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி கிரீன்விச்சில் கவசப் பட்டறையே நிறுவினார். லண்டன் கோபுரத்தில் இருக்கும் அவருடைய இளமைக்காலக் கவசத்தையும் 1540-ஆம் ஆண்டுக் கவசத்தையும் பார்த்தால் அந்த மனிதரின் இடுப்பு எவ்வளவு பெருத்தது என்று அளந்தே சொல்லிவிடலாம். எஃகே அந்த உடம்பைப் பின்தொடர்ந்திருக்கிறது.

இந்த அளவெடுப்பை வீட்டில் செய்ய முடிகிறது என்பதுதான் என் வாதத்தின் மையம். பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் சமையலறை பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். அதன் மேல், கூட இருப்பவர் ஒருவர் பேக்கிங் டேப்பைப் பட்டை பட்டையாக, இறுக்காமல், உடம்பின் வளைவைத் தொடர்ந்து ஒட்டிக்கொண்டே வருவார். தோளிலிருந்து இடுப்புவரை மூடியதும் மார்க்கர் பேனாவால் மார்புக்கு நடுவே ஒரு கோடு, விலாவில் ஒரு கோடு, கை தூக்கினால் மடியும் இடத்தில் ஒரு கோடு. பிறகு முதுகுப் பக்கம் கத்தரிக்கோலின் மழுங்கிய நுனியை உள்ளே விட்டு, பனியனோடு சேர்த்து மெல்ல வெட்டிக் கழற்றினால், உங்கள் உடம்பே ஓடாகக் கையில் வந்துவிடும். கோட்டின்மேல் வெட்டி விரித்தால் தையல்காரரின் மாதிரித் தாள்போலத் தட்டையாகும். தட்டையாகாத இடத்தில் ரவிக்கைக்கு டார்ட் பிடிப்பதுபோல ஒரு முக்கோணம் வெட்டினால் படிந்துவிடும். எந்தக் கடையாலும் கொடுக்க முடியாத அளவு இது.

அந்த அளவை ஏற்றுக்கொள்ளும் பொருள் ஈவிஏ ஃபோம். குழந்தைகள் விளையாடக் கீழே விரிக்கும் கோத்துப்போடும் மெத்தைகள் அதில் செய்தவைதான். கட்டர் பிளேடு அடிக்கடி மாற்றிக் கூராக இருந்தால் வெண்ணெய்போல வெட்டுப்படும். ஹீட் கன்னின் சூட்டில் மேற்பரப்பு மினுமினுக்கத் தொடங்கும்போது தொடையின் மேல் வைத்து அழுத்தினால் வளைவு நிற்கும். ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒட்டுவதற்குச் செருப்புத் தொழிலாளர்களும் தச்சர்களும் பயன்படுத்தும் ரப்பர் பசையே போதும், ஃபெவிகால் எஸ்ஆர் போல. இரண்டு விளிம்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். சேர்ந்தபின் நகர்த்த முடியாது. அவசரப்படுபவர்கள் கெடுப்பது இங்கேதான். இந்தப் பசையும் ஆவி விடும், ஃபோமைத் தேய்த்தால் தூசியும் பறக்கும். காற்றோட்டமும் மாஸ்க்கும் இங்கும் வேண்டும். ஆனால் ரெசினின் அபாயத்தோடு ஒப்பிட்டால் இது சமாளிக்கக்கூடியது. ஜெர்மனியின் ஸ்வெட்லானா குவின்ட், அமெரிக்காவின் பில் டோரன் போன்றவர்கள் இந்த வேலைக்குப் படிப்படியான கையேடுகளே எழுதியிருக்கிறார்கள்.

ஃபோம் பார்க்க ஃபோம்போலத்தானே இருக்கும் என்ற ஆட்சேபம் பாதி உண்மை. நுண்துளைகளை மூடாமல் சாயம் அடித்தால் அப்படித்தான் இருக்கும். தண்ணீர் கலந்த ஃபெவிகாலையோ ரப்பர் பூச்சையோ பல கை பூசிக் காயவிட்டு, பிறகு அக்ரிலிக் நிறம் தீட்டி, விளிம்புகளில் வெள்ளி நிறத்தைத் துணியால் ஒற்றினால் ஐந்தடி தூரத்தில் உலோகமாகவே தெரியும். கண்ணாடி மாதிரி பளபளக்கும் வெள்ளைக் கவசம்தான் வேண்டும் என்றால் ஃபோம் தோற்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டார்ம்ட்ரூப்பர் உடம்பு அந்த வகை. அதற்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்த துண்டுகளைக் கிட்டாக வாங்குகிறார்கள். ஆனால் கிட் வாங்கியவரும் ஒவ்வொரு துண்டையும் தன் கை, கால் அளவுக்கு வெட்டி, பின்பட்டை வைத்து ஒட்டி, எலாஸ்டிக்கும் பட்டனும் தைத்தால்தான் அணிய முடியும். வாங்கிய பிறகும் செய்வது மிஞ்சுகிறது. 1997-இல் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய 501-ஆவது லீஜியன் என்ற ரசிகர் அமைப்பு, உறுப்பினராக வருபவரின் கவசத்தைப் படத்தோடு ஒப்பிட்டு நுணுக்கமாகச் சோதிக்கிறது. யார் செய்தது என்று அது கேட்பதில்லை. உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பார்க்கிறது. தொடையில் தொங்கும் கவசமும் தோளில் விலகும் கவசமும் அங்கே தேறுவதில்லை.

நம் மண்ணிலும் இதற்குச் சான்று இருக்கிறது. வட தமிழ்நாட்டின் கட்டைக்கூத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததே ஆடுபவர்கள் அணியும் மர அணிகள்தான். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்புப் பதக்கத்தையும் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளும் மினுக்குத் தாளும் ஒட்டுகிறார்கள். இரவு முழுக்கச் சுழன்றாட வேண்டிய உடம்பு என்பதால் அவற்றைக் கயிறு போட்டு, அன்று ஆடுபவரின் உடம்புக்கு ஏற்பத் துணி வைத்து இறுக்கிக் கட்டுவார்கள். கட்டும் வேலைக்கே வெகுநேரம் பிடிக்கும். எடை குறைந்த பொருள், அளவுக்குக் கட்டுதல், எண்ணெய் விளக்கிலும் மின்விளக்கிலும் மின்னும் மேற்பூச்சு: இன்றைய ஃபோம்காரர் தேடுவதும் இந்த மூன்றைத்தான்.

நேரம் இல்லாதவர் என்ன செய்வது என்பது மிச்சமிருக்கும் ஆட்சேபங்களில் வலுவானது. முதல் மார்புக்கவசத்துக்குப் பல வார இறுதிகள் போகும். முதல் முயற்சியில் ஒன்றிரண்டு துண்டு குப்பைக்குத்தான் போகும். அந்த நேரம் இல்லாதவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவருக்கும் முழுச் செட் வாங்குவதை நான் சொல்ல மாட்டேன். ஹெல்மெட், தோள், முன்கை மூன்றையும் வைத்து வேடத்தைச் சுருக்கிக்கொண்டு, உடம்புக்குத் துணியுடை தைத்துக்கொள்வது மேல். பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் போகும் குழந்தைக்கு இரண்டு வாதமும் வேண்டாம். அடுத்த வருடம் போடாத உடுப்பு அது. அட்டைப்பெட்டியும் வெள்ளித்தாளும் போதும், அல்லது வாடகைக் கடை இருக்கிறது. மேடைப் போட்டியில் பரிசு எதிர்பார்ப்பவர்கள் விதிகளை முன்கூட்டியே படிக்க வேண்டும். பல போட்டிகளில் போட்டியாளர் தன் கையால் செய்த பகுதிக்குத்தான் மதிப்பெண். வாங்கிய ஹெல்மெட்டை வாங்கியது என்று சொல்லிவிடுவதே முறை.

விற்பனை என்று வரும்போது மட்டும் சட்டம் குறுக்கே வருகிறது. தனக்காக ஒன்று செய்து அணிவது வேறு, அச்சு போட்டு ஐம்பது நூறாக விற்பது வேறு. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957, பதிவு செய்யாத தொழில் வடிவமைப்பு உரிமையாளராலோ அவர் அனுமதியோடோ 50 முறைக்கு மேல் தொழில்முறையில் நகலெடுக்கப்பட்டால் அதன் காப்புரிமை முடிந்துவிடும் என்கிறது. ஆனாலும் வணிகப்பெயரும் சின்னமும் தனிச் சட்டத்தின் கீழ் வருபவை. ஐன்ஸ்வொர்த் ஜெயித்ததை வைத்து யாரும் கடை திறந்துவிடக் கூடாது. அவருக்கு உதவிய பிரிட்டிஷ் விதிகளில் ஒன்று 2016-இல் நீக்கப்பட்டுவிட்டது. இன்னொரு ரசிகர் உழைத்து எடுத்த அச்சின் மேல் மறு அச்சு எடுத்து விற்பது, சட்டம் எதுவானாலும், திருட்டுதான்.

ஆகவே கவசம் வேண்டுமென்று முடிவு செய்தவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஹெல்மெட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், ஒரு பழைய பனியனும் ஒரு சுருள் பேக்கிங் டேப்பும் எடுத்து, நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் மார்பின் அளவை எடுத்துவிடுங்கள். தலை பிறகு வரட்டும்.